ஊர்வீட்டில் களவு போய்விட்டது என்று அழைப்பு வந்தால்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் கொழும்புக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். வெள்ளவத்தையில் நான்கு பேராக ஓர் அறையில் இருந்தோம். ஒருநாள் விடியப்புறம் ஐந்தரை மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அம்மா எடுப்பதேயில்லை. "தம்பி, வீட்டை உடைச்சுப் போட்டாங்கள்" என்றா. நெல் விற்ற காசு, தங்கச்சியின் சோடிக் காப்பு, தண்ணீர் இறைக்கிற மிசின் மூன்றும் போயிருந்தன. நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன் பின்கதவைச் சரியாப் பூட்டாமல் படுத்தனீங்கள்?" என்பது. அம்மா மறுமொழி சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவவுக்கு இரவில் நித்திரை இல்லை. அதை என்னிடம் மறைத்தா. அந்தக் கேள்வியை நான் கேட்டிராவிட்டால் சொல்லியிருப்பா.

வன்னியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வேலைக்காகவோ படிப்புக்காகவோ அண்மையில் கொழும்பு வந்தவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் ஒருநாள் வரலாம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் கொழும்புக் கிளையில் இருந்த ஆண்டுகளில் பலருடைய வீட்டு விஷயங்களில் கூட நின்று பழகியவற்றை, எந்த வரிசையில் செய்தால் பயன்படும் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஊரில் நடக்கும் குற்றங்களில், செய்தவர் யாரென்று பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒன்றுவிட்ட அண்ணனின் மகனாக இருப்பார், பின்வளவுக்காரராக இருப்பார். முறைப்பாடு செய்த பிறகும் அதே கடையில் பாண் வாங்கப் போகிறவர், அதே கோயிலில் பொங்கப் போகிறவர் அம்மாதான். நாங்கள் கொழும்பில் இருப்போம். ஆகவே என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் அங்கே வாழ்கிறவர். அவருடைய முடிவுக்குக் கடதாசிப் பலம் கொடுப்பதும், அவர் தனித்துப் போகாமல் பார்ப்பதும்தான் எங்கள் வேலை.

1. முதல் பத்து நிமிடம்

மூன்று கேள்விகள் போதும். யாருக்காவது காயமா? இப்போது எங்கே நிற்கிறீர்கள்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கதவு, பூட்டு, நாய் பற்றிய கேள்விகளைப் பொலிஸார் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டாம்.

காயம் இருந்தால் 1990. அது சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. ஆட்கள் இன்னும் அருகில் நிற்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் 119. அந்த இலக்கம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நீங்களே கொழும்பிலிருந்து எடுத்து ஊரின் பெயரையும் அது எந்தப் பொலிஸ் பிரிவு என்பதையும் சொல்லலாம். நடுங்கிக்கொண்டு நிற்கும் அம்மாவைவிட நீங்கள் தெளிவாகச் சொல்வீர்கள். மறுமுனையில் சிங்களத்தில் பேசினால், "தெமள கத்தா கரண கெனெக் இன்னவாத?" என்று கேளுங்கள். தமிழ் பேசுகிற ஒருவர் இருக்கிறாரா என்பது அதன் பொருள். இந்த ஒரு வசனத்தை வீட்டிலும் எல்லோருக்கும் பாடமாக்கிக் கொடுங்கள்.

ஊரில் செய்தி பரவியதும் இருபது பேர் வீட்டுக்குள் வந்து நிற்பார்கள். அன்பினால்தான் வருகிறார்கள். ஆனாலும் கால்தடமும் கைரேகையும் அதோடு போய்விடும். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனைப் பிடித்து, உடைந்த கதவு, இழுத்துப் போட்ட அலுமாரி, வேலியில் பிரித்த இடம் எல்லாவற்றையும் போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த அறையைச் சாத்திவிட்டு, வந்தவர்களை முற்றத்தில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுக்கட்டும். பொலிஸார் பார்க்கும் வரை கூட்டவோ அடுக்கவோ வேண்டாம்.

வங்கி அட்டை போயிருந்தால் உடனே வங்கிக்கு அழைத்து நிறுத்துங்கள். போன் களவு போயிருந்தால் சிம்மை நிறுத்துவதோடு, வாங்கிய பெட்டியில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள்.

கிராம உத்தியோகத்தருக்கும் அன்றே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விதானையார் என்போம், மற்ற இடங்களில் ஜி.எஸ். அவரால் கள்ளனைப் பிடிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அப்படியொன்று நடந்தது என்று அறிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார் என்பது பின்னால் மிகவும் உதவும்.

2. என்ட்ரி போடுவது

பொலிஸ் முறைப்பாட்டை ஊரில் என்ட்ரி என்போம். பாதி வழக்குகள் பலமிழப்பது இந்த இடத்தில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கண்டவர் அல்லது இழந்தவர் போவதே நல்லது. தனியாக அனுப்ப வேண்டாம். நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் கூடப் போகட்டும். அடையாள அட்டையும், போன சாமான்களின் பட்டியலும், எடுத்த படங்களும், பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும் கையில் இருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை, சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் மலையகத்திலும் எல்லைக் கிராமங்களிலும் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அன்றைக்கு இல்லை என்பார்கள். எங்கள் ஆட்களும் சிங்களத்தில் எழுதியதில், வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அதை வாசிக்கும்போது, இவர் சொன்னது ஒன்று, எழுதியிருப்பது இன்னொன்று.

இதைத் தவிர்க்க எளிய வழி, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது. கொழும்பில் இருக்கும் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். அம்மாவிடம் ஆறுதலாகக் கேட்டு, நடந்த நேரம், எப்போது தெரியவந்தது, முதலில் யார் கண்டது, என்னென்ன போனது என்று அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் வாசித்து, பிழை இருந்தால் திருத்தி, தன் கையால் எழுதட்டும். எழுத முடியாதவர் என்றால் தங்கச்சி எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, இன்னார் எழுதியது என்றும் கீழே குறிக்கட்டும். அதைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, முறைப்பாட்டோடு சேர்க்கும்படி கேட்கலாம்.

பட்டியலில் பெறுமதியைக் கூட்டிப் போடவே வேண்டாம். மூன்று பவுண் போனால் மூன்று பவுண்தான். மிசின் என்று மட்டும் எழுதினால் அது யாருடைய மிசினாகவும் இருக்கலாம். நிறம், எஞ்சின் எண், கைப்பிடியில் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது, பெற்றோல் மூடி மாற்றியது என்று எழுதினால்தான் பிடிபடும்போது, இது எங்களுடையது என்று சொல்ல முடியும். நகையென்றால் கலியாணப் படத்தில் அது தெரியும் இடத்தை வட்டமிட்டுக் கொடுங்கள். சந்தேகம் யார் மீதாவது இருந்தால் மறைக்கவும் வேண்டாம், அவர்தான் கள்ளன் என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். "இன்னாரை முதல்நாள் பின்னேரம் எங்கள் வேலியடியில் கண்டேன், ஆகவே சந்தேகப்படுகிறேன்" என்று காரணத்தோடு சொன்னால் போதும்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர், அவருடைய இலக்கம் நான்கையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சிறு கட்டணம் கட்டி முறைப்பாட்டின் பிரதியையும் கேட்கலாம்.

கோழி, ஆடு, தேங்காய்க் குலை, தோட்டத்து லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறி. இவை போனால் எங்கள் ஆட்கள் என்ட்ரி போடுவதில்லை. "இதுக்குப் போய்..." என்பார்கள். நான் போடச் சொல்வேன். ஒரே சுற்றுவட்டாரத்தில் நான்கு சின்னக் களவுகள் எழுத்தில் இருந்தால்தான், ஐந்தாவது பெரியது நடக்கும்போது இரவு ரோந்து கேட்க ஊருக்கு ஆதாரம் இருக்கும்.

3. கொழும்பிலிருந்து எழுத வேண்டிய கடிதங்கள்

இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தெரிந்த பெரிய ஆளைப் பிடித்து ஒரு கோல் போடுவோமா என்று வீட்டில் கேட்பார்கள். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. அந்தக் கோலுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. அடுத்த கிழமை மற்றப் பக்கத்தாருக்கும் ஒரு பெரிய ஆள் கிடைப்பார். பதிவுத் தபாலில் போன கடிதம் அப்படி மாறாது.

முதல் கடிதம் அந்தப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு, பிரதி அந்தப் பகுதியின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு. முறைப்பாட்டு இலக்கம், திகதி, இதுவரை என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பொலிஸ்மா அதிபருக்கு இணையத்தில் முறையிடும் வசதியும் உண்டு; டெல் ஐ.ஜி.பி. என்று தேடினால் வரும்.

இரண்டாவது வழி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொலிஸும் அதற்குள் அடங்கும். விசாரணையின் உள்விபரங்களைக் கேட்டால் மறுக்க இடமிருக்கிறது. ஆகவே உங்கள் முறைப்பாடு எந்த உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்டது, நீதவானுக்கு பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை) தாக்கல் செய்யப்பட்டதா, அதன் இலக்கம் என்ன என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் மேசைக்கு வந்த பிறகே கோப்பைத் தேடி எடுத்த சந்தர்ப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முறைப்பாட்டை எடுக்கவே மறுத்தால், அல்லது பொலிஸாரே பக்கச்சார்பாக நடந்தால், தேசிய பொலிஸ் ஆணைக்குழு பௌத்தாலோக மாவத்தையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டப வளவில் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு பம்பலப்பிட்டிப் பக்கம், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில்; அவசர இலக்கம் 1996. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்களும் உண்டு. அங்கே போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போகவும் ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

லோயர் வைக்கக் காசு இல்லாதவர்கள் புதுக்கடைக்குப் போங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் அங்கேதான். நாடு முழுவதும் நீதிமன்றங்களை அண்டி அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அம்மா போக வேண்டிய கிளை எது, எந்த நாளில் போகலாம் என்று கேட்டுச் சொல்வது உங்களுக்கு அரைநாள் வேலை. புறக்கோட்டையிலிருந்து நடந்தே போகலாம்.

4. பேசித் தீர்ப்போம் என்று வரும்போது

செய்தவர் தெரிந்த ஆளென்றால் மூன்றாம் நாள் யாராவது படலையடியில் வந்து நிற்பார்கள். "பொடியன்ர எதிர்காலம்" என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பொடியனைக் குழந்தையாகத் தூக்கிய நினைவு இருக்கும்.

சமாதானமாகப் போவதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. வேலிச் சண்டை, சின்ன அடிதடி, வளவுக்குள் அத்துமீறி வந்தது, சாமானைச் சேதப்படுத்தியது போன்றவற்றுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, சட்டத்தரணிகள் அங்கே வாதாட முடியாது, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் தீர்வு. சம்மதிக்காவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள்; அதோடு நீதிமன்றம் போகலாம். ஒரே ஒழுங்கையில் தொடர்ந்து வாழ வேண்டியவர்களுக்கு இது பல வேளைகளில் வழக்கைவிட நல்லது.

ஆனால் வீட்டு விறாந்தையில் நடக்கும் பேச்சில் கவனம் வேண்டும். திருப்பித் தருவதாகச் சொன்ன காசும் சாமானும் கைக்கு வருமுன் முறைப்பாட்டை மீளப் பெற வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். எதைப் பேசினாலும் எழுதி, இரண்டு சாட்சியோடு, திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து போனில் "விடாதேங்கோ, உள்ளுக்க போடுவம்" என்று கத்துவதும் கூடாது. "சரி விட்டுத் துலையுங்கோ" என்று சலிப்பதும் கூடாது. அம்மா என்ன நினைக்கிறா என்று கேளுங்கள். அவ சொல்லி முடியும் வரை கேளுங்கள்.

வந்தவர்கள் மிரட்டினால் விஷயம் வேறு. பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ அச்சுறுத்துவது தனிக் குற்றம். அதற்கென்றே 2015 இல் சட்டம் வந்து, 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் தேசிய அதிகார சபையும் அதன்கீழ் இயங்குகிறது. மிரட்டல் வந்த அன்றே இரண்டாவது என்ட்ரி போட வேண்டும், முதல் முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு.

பேசித் தீர்க்கவே கூடாதவை உண்டு. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ எதிரான பாலியல் குற்றம் நடந்தால் எந்தப் பெரியவரும் நடுவில் இருந்து பேசக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. கட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஊர் சொல்லும். அதற்கு உடன்பட வேண்டாம். குளிக்கவோ உடுப்பைத் தோய்க்கவோ முன், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் பணமில்லை. சிறுவர் விஷயங்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. வீட்டுக்குள்ளேயே அடி என்றால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

5. பொடியளைக் கையோடு பிடித்து வையுங்கள்

அந்த வாரம் தம்பிமார் பொல்லோடு இரவுக் காவல் நிற்பார்கள். சந்தேகத்தில் ஒருவனைப் பிடித்து மரத்தில் கட்டி அடிப்பார்கள். அவன் ஆஸ்பத்திரியில் படுத்தால், மறுநாள் கைதாகிறவர் உங்கள் தம்பி. பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைக் கண்முன்னே செய்கிறவரைத் தனியாளும் பிடிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிடித்தால் இருத்திவைத்து 119க்குச் சொல்லட்டும். முகநூலில் படம் போட வேண்டாம். தவறான ஆளாக இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் மானத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

6. களவுக்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பது

கள்ளன் கொண்டுபோனது மிசின். சிறுபோகத்தில் தண்ணீர் இறைக்க வழியில்லாமல் மிளகாய்க் கன்று வாடியது. வாடிய கன்றைக் காப்பாற்ற அம்மா வாரக் கடன் எடுத்தா. தங்கச்சி இருட்டுமுன் வீடு வர வேண்டும் என்று பின்னேர வகுப்பை நிறுத்தினாள். அந்த வருடம் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. எங்கள் வீட்டில் நடந்த களவின் உண்மையான கணக்கு இது. பொலிஸ் பட்டியலில் முதல் வரி மட்டுமே இருக்கிறது.

ஆகவே கொழும்பிலிருந்து அனுப்பும் முதல் காசு லோயருக்குப் போக வேண்டாம். அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டுக் கதவையும் தாழ்ப்பாளையும் சரிசெய்ய வேண்டும். உடைந்த கதவோடு ஓர் இரவு படுத்தவருக்கு அந்தப் பயம் இலேசில் போகாது. இரண்டாவது காசு, தொழில் நிற்காமல் இருக்க: மிசினை நாள் வாடகைக்கு எடுப்பது, அல்லது பக்கத்துத் தோட்டக்காரரிடம் முறை வைத்து இறைப்பது. வாரக் கடன் கட்டாயம் என்றால், கொடுக்கும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். வங்கியோ அனுமதி பெற்ற நிதி நிறுவனமோ அறவிட வந்து அவமானப்படுத்தினால் மத்திய வங்கியின் 1935க்கு முறையிடலாம்.

பயத்துக்கு மருந்து ஆட்கள்தான். ஒரு மாதத்துக்காவது சின்னம்மாவோ அக்காவோ இரவில் வந்து படுக்க ஒழுங்கு செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அழையுங்கள்; எட்டரை என்றால் எட்டரை. களவைப் பற்றியே கேட்க வேண்டாம், என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். "போனது போகட்டும், உயிர் தப்பினதே பெரிசு" என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். காப்பைப் பற்றி அழ வேண்டும் என்று அவருக்கு இருந்தாலும் அதற்குப் பிறகு அழ மாட்டார்.

நான் அம்மாவை உடனே கொழும்புக்குக் கூட்டிவந்தேன். தெரிந்தவர்களின் நான்காம் மாடி வீட்டில் ஒன்பது நாள் இருந்தா. யன்னலால் பார்த்தால் காலி வீதி வாகனம் மட்டும். கோழிகளைப் பார்க்க ஆளில்லை, வீடு பூட்டிக் கிடந்தது, அயலவர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சமும் சேர்ந்தது. திரும்பிப் போனபோது முன்னரைவிடப் பயந்திருந்தா. உயிராபத்து இருந்தால் ஒழிய, ஆளை அவருடைய வீட்டிலிருந்து கிளப்பாதீர்கள். நீங்கள் போய் இருங்கள். மூன்று நாள் லீவு எடுத்தாவது.

நித்திரையின்மையும் திடுக்கிட்டு எழும்புவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தொலைபேசியில் பேச 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

7. எங்கள் பூட்டிய வளவுகள்

ஊருக்குப் போகும்போது ஒழுங்கையால் ஒருமுறை நடந்து பாருங்கள். கசிப்பு வடிக்கிற இடம், களவுச் சாமான் ஒளிக்கிற இடம், பொடியள் போதைப்பொருள் கைமாற்றுகிற இடம் எல்லாம் எங்கே இருக்கின்றன? எங்கள் ஊரில் அவை பற்றை மண்டிய வளவுகளிலும் பூட்டிய வீடுகளிலும் இருந்தன. அந்த வளவுகளின் சொந்தக்காரர் கொழும்பிலும் கனடாவிலும் இருந்தோம்.

இதை ஏற்றுக்கொள்ள எங்கள் சங்கத்துக்கே நேரம் எடுத்தது. காசு சேர்த்துச் சந்தியில் கமரா பூட்டுவோம் என்று முதலில் எல்லோரும் துடித்தோம். கமராவைப் பார்க்க ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுதானால் திருத்த வேண்டும். அதைவிட மலிவாகச் செய்யக்கூடிய மூன்று காரியங்கள் கண்முன்னே இருந்தன. வருடத்துக்கு இருமுறை வளவைத் துப்புரவாக்கக் கூலி அனுப்புவது. பூட்டிய வீட்டை நம்பிக்கையான குடும்பத்துக்கு எழுத்து ஒப்பந்தத்தோடு இருக்கக் கொடுப்பது. விளக்கு எரிகிற வீடு ஒழுங்கைக்கே காவல். எரியாத தெருவிளக்கின் கம்ப இலக்கத்தைக் குறித்துப் பிரதேச சபைக்கு எழுதுவது. தெருவிளக்கு அவர்களுடைய பொறுப்பு.

கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சிவில் பாதுகாப்புக் குழு என்று ஊரில் ஏற்கெனவே அமைப்புகள் இருக்கும். கொழும்புக் கிளை புதிதாக ஒன்றை உருவாக்கி அவர்கள் மேல் இருத்த வேண்டாம். மாதர் சங்கத்துக் கூட்டத்தில் ஒருநாள் இருந்து கேளுங்கள். கசிப்பு எந்த வீட்டுக்குப் பின்னால், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும். பெயர் சொல்லப் பயப்படுவது அவர்கள்தான். மதுவரித் திணைக்களத்துக்கு 1913இல் தகவல் கொடுக்கலாம். அந்த அழைப்பைக் கொழும்பிலிருக்கும் நீங்கள் எடுத்தால் ஊரில் யாருடைய குரலும் வெளிப்படாது.

8. வேறு சில, சுருக்கமாக

மாடு: குறிசுட்ட மாட்டின் குறியைப் படமெடுத்து வையுங்கள். மாட்டை வாகனத்தில் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் பட்டிப் பக்கம் லொறி சத்தம் கேட்டதாகச் சொன்னால், அது போன பாதையோடு உடனே 119.

வெளிநாட்டு வேலை: தோட்டங்களிலும் வன்னியிலும் பெண்களை ஏமாற்றும் உபமுகவர்கள் கொழும்பு ஏஜென்சி ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். கடவுச்சீட்டையோ காசையோ கொடுக்குமுன் அந்த ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தையும், அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் 1989இல், வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். கொழும்பில் இருப்பவர் அந்த முகவரிக்கு நேரில் போயும் பார்க்கலாம். ஊரில் ஒரு குடும்பம் காணியை ஈடு வைப்பதை இந்த ஒரு பஸ் பயணம் தடுத்துவிடும்.

காணி: யாராவது பலவந்தமாக உள்ளே புகுந்துவிட்டால் இரண்டு மாதத்தை மனதில் வையுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் விரைவாகத் தீர்வு தேட, வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றில் அறிவித்திருக்க வேண்டும். அடுத்த வருடம் லீவில் வந்து பார்ப்போம் என்று விட்டால், உரிமை வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும். ஒருவர் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டுவிட்டால் அந்த உரிமைக்கே பங்கம் வரலாம்.

9. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினாலும், பெஸ்டியன் மாவத்தையில் ஏறினாலும், ஒரு பேனாவும் தடித்த தாளும் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் பெறுமதியான சாமான் ஒவ்வொன்றையும் படமெடுங்கள். மிசின், லாண்ட்மாஸ்டர், தையல் மிசின், போன் ஆகியவற்றின் எண்களை எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அம்மாவின் பெட்டியில். உறுதி, பாஸ்புக், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

பிறகு அந்தத் தடித்த தாளில் பெரிய எழுத்தில் இலக்கங்களை எழுதி, கதவின் உட்பக்கம் அம்மாவின் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். 119, 1990, பொலிஸ் நிலையத்தின் நேரடி இலக்கம், விதானையாருடையது, உங்களுடையது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், பக்கத்து வீட்டு அண்ணையின் இலக்கத்தை எழுதுங்கள். எழுதுமுன் அவரிடம் போய், இரவு இரண்டு மணிக்கு அடித்தால் வருவீர்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.